ஒரு பத்தியும் ஒரு நாவலும்

சினுவா அச்செபேயின் முதல் நாவல் 1958-ல் லண்டனில் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது 27. என். கே. மகாலிங்கம் அதைத் தமிழில் 'சிதைவுகள்' என்ற பெயரில் மொழிபெயர்த்திருக்கிறார். வெள்ளைக்காரர் வருமுன் நைஜீரியாவில் இக்போ மக்களின் கிராமம் ஒன்று எப்படி வாழ்ந்தது, வந்த பின் எப்படி உடைந்தது என்பதுதான் கதை. இப்படிச் சொன்னால் பிரசாரக் கதை போலத் தொனிக்கிறது. பிரசாரமாகிவிடாமல் அதைக் காப்பாற்றியது எது என்று யோசித்துப் பார்க்க வேண்டும்.

அச்செபே தம் கிராமத்தைச் சொர்க்கமாக்கவில்லை. அதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. கதாநாயகன் ஒக்கொன்வோ மல்யுத்த வீரன். வள்ளிக்கிழங்கு பயிரிட்டு உழைப்பால் உயர்ந்தவன். மூன்று வருஷம் தன் வீட்டில் மகனைப் போல வளர்ந்த பையனை, தெய்வ வாக்கின்படி ஊரார் கொல்லப் போகிறார்கள். தன்னைப் பலவீனன் என்று நினைத்துவிடுவார்களே என்ற பயத்தில் இவனும் அரிவாளை ஓங்குகிறான். பின்னால் பாதிரிமார்கள் வரும்போது, இவன் சொந்த மகன் அவர்களிடம் போய்ச் சேருவது நமக்கு ஆச்சரியமாக இல்லை. இரட்டைக் குழந்தைகளைக் காட்டில் எறியக் கொடுத்த தாயும், ஊர் தீண்டாத ஒசுக்களும் அந்தக் கூரைக் கோயிலுக்குத்தான் போகிறார்கள். சுவரில் விரிசல் முன்பே இருந்தது. வெள்ளைக்காரன் அதில் கடப்பாரையை வைத்தான். இதைச் சொல்ல நெஞ்சுரம் வேண்டும்.

குறையும் உண்டு. பாதிரிகளில் பிரவுன் மனிதராக இருக்கிறார்; அவருக்குப் பின் வருகிற ஸ்மித் வெறும் பொம்மை. கதை முடியவேண்டிய அவசரத்தில் ஆசிரியர் அவரை இழுத்து வந்ததுபோல இருக்கிறது.

நம் கிராமத்து நாவல்கள் பலவற்றில் ஊர் என்றால் அக்கிரகாரமும் மேலத் தெருவும்தான். சேரி, தூரத்தில் தெரிகிற கூரை. விதிவிலக்காக ஒன்றைச் சொல்லலாம்: பி. எச். டேனியல் 1969-ல் ஆங்கிலத்தில் எழுதி, இரா. முருகவேள் 'எரியும் பனிக்காடு' என்று தமிழாக்கிய நாவல். திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்களின் கதை. ஊர் சோறு போட்டிருந்தால் அவர்கள் கங்காணியின் பேச்சை நம்பியிருக்கமாட்டார்கள்.

'சிதைவுகள்' முடிவில், தூக்கில் தொங்கிய ஒக்கொன்வோவைப் பார்த்து ஜில்லா கமிஷனர், தாம் எழுதப்போகும் புஸ்தகத்தில் இவனுக்கு ஒரு பத்தி ஒதுக்கலாம் என்று எண்ணுகிறார். அத்தனை பெரிய வாழ்வுக்கு ஒரு பத்தி! இதைப் படித்தபோது எனக்கு எங்கள் பக்கத்துக் காகிதம் ஒன்று ஞாபகம் வந்தது. நான் குடியிருக்கும் அம்பத்தூரும், ஆவடியும், பூவிருந்தவல்லியும் அந்நாளில் செங்கற்பட்டு ஜில்லா. அதன் கலெக்டர் திரமென்ஹீர் 1891-ல் தாழ்த்தப்பட்ட மக்களின் நிலைமையைப் பற்றிச் சர்க்காருக்கு ஓர் அறிக்கை எழுதினார். குடியிருக்கும் மனைகூட அவர்களுக்குச் சொந்தமில்லை. தரிசு நிலம் கேட்டால் மிராசுதாருக்கே முன்னுரிமை. 1892-ல் அவர்களுக்கு நிலம் ஒதுக்க உத்தரவாயிற்று. பஞ்சமி நிலம் என்கிறோமே, அதுதான். அதில் எவ்வளவோ பிறகு கைமாறிப் போய்விட்டது.

இங்கே கதை தலைகீழாக நிற்கிறது. அச்செபேயின் கமிஷனர் மனிதனைப் பத்தியாகச் சுருக்குகிறார். எங்கள் கலெக்டரின் காகிதம் சிலருக்குக் காணி நிலம் வாங்கிக் கொடுத்தது. நாட்டைப் பிடித்த சர்க்காரேதான் அதையும் செய்தது. ஆனாலும் அறிக்கை அறிக்கைதான். பட்டா கைக்கு வந்த இரவில் குடிசைக்குள் புருஷனும் பெண்சாதியும் என்ன பேசிக்கொண்டார்கள், மறுநாள் மிராசுதார் வீட்டு வாசலில் எப்படி நின்றார்கள் என்பதெல்லாம் அதில் வராது. அதற்கு நாவலாசிரியன் வேண்டும்.

அந்த நாவலை எழுதுகிறவன் கலெக்டரை வில்லனாக்க முடியாது. ஊரைத் தெய்வமாக்கவும் முடியாது. ஊரை நேசித்துக்கொண்டே அதன் குற்றத்தையும் சொல்லலாம் என்று அச்செபே காட்டியிருக்கிறார். பட்டாவை வாங்கியவனின் பேரனோ பேத்தியோ அதை எழுதினால், முதல் ஆளாக நான் வாங்கிப் படிப்பேன்.