கலகக்காரனின் குரல் எவருடையது?

1831 ஓகஸ்டில் வேர்ஜீனியாவின் சவுதாம்ரன் பகுதியில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். அவர்களை வழிநடத்திய நற் ரேணர் நவம்பரில் தூக்கிலிடப்பட்டார். சிறையில் அவர் கூறியதாக நாம் அறிவதெல்லாம், தோமஸ் கிறே என்னும் வெள்ளைச் சட்டத்தரணி எழுதி வெளியிட்ட வாக்குமூலம் வழியாகவே. அடிமையின் சொல், எசமான வர்க்கத்தின் பேனாவைக் கடந்தே எம்மிடம் வந்திருக்கிறது.

1967 இல் வில்லியம் ஸ்ரைரன் அவ்வாக்குமூலத்தின் தலைப்பையே தம் நாவலுக்கு இட்டு, ரேணரே கதை சொல்வதாக அமைத்தார். மறு ஆண்டு புலிற்சர் பரிசு பெற்ற அந்நூலின் நடைவளத்தை நாம் மறுக்கவில்லை. எமது குற்றச்சாட்டு வேறு. ரேணர் தம் கையால் கொன்றது மார்கிறெற் வைற்ஹெட் என்னும் வெள்ளை நங்கையை மட்டுமே என்கிறது வாக்குமூலம். அவள்மீது அவர் மோகம் கொண்டிருந்ததாக அதில் ஒரு சொல்லும் இல்லை. ஸ்ரைரனோ அம்மோகத்தைப் புனைந்து, கதையின் உயிர்நாடியாக்கினார். சாட்டையும் ஏலச்சந்தையும் மூட்டிய நெருப்பு, ஒரு தனிமனிதனின் நிறைவேறா ஏக்கமாகச் சுருங்கிவிட்டது. 1968 இல் கறுப்பின எழுத்தாளர் பதின்மர் ஒரு நூலாகவே மறுப்பு எழுதியதில் வியப்பில்லை.

ரேணர் ஒரு போதகர். 1832 இல் வேர்ஜீனியா, கறுப்பர் பிரசங்கம் செய்வதையே சட்டத்தால் தடுத்தது. பலரைத் திரட்டவல்ல சொல்லுக்கே ஆட்சியாளர் அஞ்சினர். நாவலாசிரியனுக்குக் கற்பனையுரிமை உண்டு. ஆயினும் ஒடுக்கியோரே கண்டுகொண்ட உண்மையை அவன் காணத் தவறலாமா?