சர்வரில் பிறக்கும் நடைத்தாள்: மரபுகளும் தரமும்

இணையப் பக்கத்தின் எழுத்துரு, நிறம், இடைவெளி ஆகியவற்றை வகுத்துரைக்கும் நடைத்தாளை, அதாவது புழக்கத்தில் சிஎஸ்எஸ் எனப்படுவதை, ஹோகன் வியும் லீ 1994 அக்டோபரில் முன்மொழிந்தபோதும், 1996 டிசம்பரில் அதன் முதல் தரம் வெளிவந்தபோதும், ஒரு மதிப்புக்குப் பெயரிட்டு வேண்டிய இடமெல்லாம் எடுத்தாளும் மாறி என்னும் வசதி அதில் இடம்பெறவில்லை. ஒரே நிறத்தை நாற்பது இடங்களில் எழுதி நாற்பது இடங்களிலும் திருத்த வேண்டியிருந்த அந்தக் குறையே, தாளைக் கையால் எழுதி வைக்காமல் கேட்கும்போதெல்லாம் சர்வரில் ஒரு நிரலை ஓட்டி உண்டாக்கும் மரபுக்கு வித்தாயிற்று.

இம்மரபின் கிளைகளை, கேரள எல்லைப்புறத்தில் இணையத்தள நிரலாக்கம் பயிற்றும் நம் சங்கத்தார் நன்கறிவர். நடைத்தாளில் மாறாமதிப்புகளைப் பிஎச்பி என்னும் நிரல்மொழி கொண்டு சர்வரிலேயே நிரப்பித் தரும் முறையை 2005இல் ஷான் இன்மன் வெளியிட்டார். 2006இல் சாஸ், 2009இல் லெஸ் ஆகிய மொழிகள் தோன்றியபின், தாளை முன்கூட்டியே தொகுத்துக் கோப்பாக வைத்துவிடும் கிளை ஓங்கியது. உலாவிகளே மாறிகளை ஏற்கத் தொடங்கியபின் மூன்றாவது கிளையும் வேரூன்றியது. பின்னிரண்டையும் பழிப்பதற்கில்லை. எனினும் வாசகரின் மொழியையும் கருவியையும் பார்த்துத் தாள் மாறவேண்டிய இடத்தில் முதற்கிளையின் தேவை இன்றும் தீரவில்லை என்பதற்கு, கேட்கும் உலாவிக்கேற்ப வெவ்வேறு நடைத்தாளை அனுப்பும் கூகுள் எழுத்துருச் சேவையே போதிய சான்று.

தமிழர் நாள்தோறும் காணும் சான்று தமிழ் விக்கிப்பீடியா. அதனை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருளில் 2011இல் வெளியான 1.17ஆம் பதிப்பு முதல், பல கூறுகளின் நடைத்தாள்களைப் பிஎச்பி நிரல் ஒன்று திரட்டி, வெற்றிடம் நீக்கிச் சுருக்கி, வலமிருந்து இடமாக எழுதும் மொழிகளுக்கு இடவலம் மாற்றி அனுப்பிவருகிறது. பின்னர் லெஸ் மொழியில் எழுதியதைத் தொகுக்கும் வேலையும் அதனிடமே சேர்ந்தது. தளம் முழுவதற்குமான பொது நடைத்தாளைத் திருத்தும் உரிமை 2018 முதல் இடைமுக நிர்வாகிகள் என்னும் சிறு குழுவினருக்கே உண்டு என்பதும் தரம் பேணுவோர் கருதத்தக்கது.

சித்தூர் வட்டத்து எல்லையூரான வேலந்தாவளத்தின் மரபு எனச் சங்கத்தார் உரிமையோடு சொல்லிக்கொள்வது, மாஸ்டர் என அனைவரும் அழைக்கும் மூத்த ஆசிரியர் வகுத்த ஒழுங்கு. கொழிஞ்சாம்பாறையிலும் வடகரப்பதியிலும் ஒரே அறிவிப்பைத் தமிழிலும் மலையாளத்திலும் தரவேண்டிய தேவை இருப்பதால், இரண்டுக்கும் ஒரே வரியுயரம் ஒவ்வாது என்பதை அவர் முதற்பாடமாக வைத்தார். பழைய லிபியில் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கப்படும் மலையாளக் கூட்டெழுத்துக்கு வரியுயரம் மிகுதியாக வேண்டும். தமிழில் மேலே புள்ளியும் கீழே உகர ஊகாரச் சுழிகளும் ஆங்கில அளவில் வைத்த வரிகளில் ஒன்றோடொன்று உரசும். மலையாளக் கணிமைக் குழுவினரின் முயற்சியில் ஹுசைன் கே. எச். தமிழுக்கு வடித்த மீரா இனிமை எழுத்துருவைக் கொண்டே மாணாக்கர் இதனைப் பயின்றனர் என்பது எல்லைப்புறத்துக்குத் தனிப்பெருமை.

மாஸ்டர் விதித்தவற்றுள் தலையாயது ஹெடர் ஒழுங்கு. அனுப்பும் பொருள் இன்னதென உலாவிக்கு முன்னறிவிக்கும் வரியே ஹெடர். பிஎச்பி தானாக அறிவிப்பது எச்டிஎம்எல் என்பதால், நடைத்தாள் எனத் திருத்தி அறிவிக்காவிடில், தரநிலைப்படி இயங்கும் உலாவி அத்தாளை ஏற்பதில்லை. அடுத்தது கேஷ் எனப்படும் தேக்கம்: தாள் மாறாதபோது, மாறவில்லை எனப் பொருள்படும் 304 என்னும் விடையை மட்டும் அனுப்பினால் வாசகரின் டேட்டா மிஞ்சும், ஒரே முகவரியில் மொழிக்கேற்ப மாறும் தாளுக்கு, எதனைப் பொறுத்து மாறுகிறது என அறிவிக்கும் வேரி ஹெடரும் வேண்டும், இல்லையேல் இடையிலுள்ள தேக்கம் மலையாளத் தாளைத் தமிழ் வாசகருக்கு நீட்டிவிடும். வெளியிலிருந்து வரும் நிறக் குறியீட்டைச் சோதிக்காமல் தாளில் சேர்ப்பதை அவர் ஒருபோதும் பொறுத்ததில்லை. அது பிறர் கட்டளையை நம் தாளுக்குள் நுழையவிடுவதாகும்.

இக்காலத்தார் சிலர், எவரையும் சுட்டாமலே சொல்வதானால், இவற்றை வேண்டாத சடங்கென எண்ணுகின்றனர் போலும். அவர்களுடைய விரைவும் ஆற்றலும் போற்றத்தக்கவையே. ஆயினும் வேரி ஹெடரை விடுவது சிறுபிழையன்று. அதை விட்டவர் தமிழ் வாசகர் என ஒருவர் இருப்பதையே மறந்தவராகிறார். மறக்கப்பட்ட வாசகர் மறுமுறை அப்பக்கத்தைத் தமிழில் திறப்பதில்லை. திறப்பாரில்லை என்பதைக் காட்டியே அடுத்த தளம் தமிழ்ப் பக்கமின்றி எழும்புகிறது. தமிழ் பேசும் சிறுபான்மையினர் தமிழிலேயே அரசோடு கடிதப் போக்குவரத்து நடத்தலாம் எனக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969இல் இடமளித்திருக்க, அந்த உரிமை திரையில் தேய்வதற்குத் தமிழ்ப் பிள்ளை எழுதிய நிரலே துணைபோகிறது என்றால், அதனைக் கவனக்குறைவு என்று மட்டும் கூறிக் கடந்துவிட முடியாது. சித்தூர் வட்டத்திலும், தேவிகுளம், பீர்மேடு மலைகளிலும் தமிழ் எழுத்துப் படிக்கும் கடைசிக் கண்வரை இதன் பாரம் சென்று தங்குகிறது. மூத்தோர் கற்பித்த ஹெடர் வரிகளை அடுத்த பயிற்சியாண்டின் முதல் வாரத்திலேயே கட்டாயப் பாடமாக்குவதும், தமிழ்த்தாளும் மலையாளத்தாளும் விலைகுறைந்த கைப்பேசியில் அருகருகே சோதிக்கப்படாத எந்தத் தளத்திற்கும் சங்கத்தின் பெயரை வழங்காதிருப்பதும் செயற்குழு உடனே மேற்கொள்ள வேண்டியவை.