சோமநாத் ஹோரின் செதுக்கோவியங்கள்

மலைநாட்டுத் தேயிலையின் புகழைப் பரப்பிய படங்கள் பலவாகும். கூடை சுமந்து புன்னகை பூக்கும் பெண்ணொருத்தி தேயிலைப் பெட்டிகளிலும் சுவரொட்டிகளிலும் உலகைச் சுற்றி வந்துள்ளாள். அவளுக்குப் பெயருமில்லை, களைப்புமில்லை. விற்பனைக்கென வரையப்பெறும் படம் வேறு; மனிதரை அறிந்து வரையப்பெறும் படம் வேறு. இவ்வேறுபாட்டை உணர விரும்புவோர், தேயிலைத் தோட்டங்களை நேரிற் கண்டு வரைந்த வங்கக் கலைஞர் சோமநாத் ஹோரின் படைப்புகளை நோக்குதல் தகும்.

1921ஆம் ஆண்டு சிட்டகாங் பகுதியிற் பிறந்த அவர், 1943ஆம் ஆண்டுப் பெரும் பஞ்சத்தைக் கண்ணாரக் கண்டவர். ஓவியர் சித்தப்பிரசாத்தின் தூண்டுதலாற் பசித்தோரை வரையத் தொடங்கினார். பின்னர்க் கல்கத்தா அரசினர் கலைக் கல்லூரியிற் பயின்று, மரச்செதுக்கின் நுட்பங்களைக் கைவரப் பெற்றார். விளைச்சலில் மூன்றிலிரு பங்கு கோரி உழவர் எழுப்பிய தெபாகா இயக்கத்தை 1946இல் ரங்கபூரில் உடனிருந்து வரைந்தார். 1947இல் வடவங்கத்துத் தூவார்ஸ் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்று, தொழிலாளர் வாழ்வை நாட்குறிப்பிலும் சித்திரத்திலும் பதிந்தார். அப்பதிவு பின்னர் நூலாகவும் வெளிவந்தது. ஆங்கு ஆள்சேர்த்தவர் சர்தார். ஈங்கு ஆள்சேர்த்தவர் கங்காணி. பெயர் வேறாயினும் முறை ஒன்றே.

அவருடைய தொடக்கக்கால மரச்செதுக்குகளிற் சீனச் செதுக்கோவியரின் சாயலும், ஜெர்மானியக் கலைஞர் கேத்தே கொல்விட்சின் சாயலும் உண்டு. சிலவற்றிற் கொள்கை முந்த, மனிதர் கூட்டத்துள் மறைகின்றனர். இது குறையே. ஆயின் முகத்தை அணுகி நோக்கும் படங்களில் அக்குறை இல்லை. மரச்செதுக்கில் வெட்டி நீக்கிய இடம் வெண்மையாகவும் விட்ட இடம் கருமையாகவும் பதியும். எனவே ஒளி என்பது உளி மரத்தில் உண்டாக்கிய காயமேயாம். இவ்வுண்மையை அவர் வாழ்நாள் முழுதும் பின்தொடர்ந்தார். 1970களில் வெளிவந்த ‘காயங்கள்’ வரிசையில் மையும் நீங்கிற்று. களிமண்ணிற் கீறி, அதிலிருந்து சிமெந்து அச்செடுத்து, காகிதக்கூழை அதன்மேல் அழுத்தினார். வெள்ளைத் தாளில் வெள்ளை வடு மட்டுமே எஞ்சிற்று. எவர் பட்ட காயம் என்பது அங்கே சொல்லப்படவில்லை. காண்போர் தம் நினைவால் நிரப்புகின்றனர்.

அவர் இல்லம் கலைஞர் இல்லமாகவே விளங்கிற்று. மனைவி ரேபாவும் மகள் சந்தனாவும் ஓவியர்களே. ரேபா வண்ணத்தை நாடினார். சோமநாத் வண்ணத்தைத் துறந்தார். ஒருவர் நெறி மற்றவர் நெறியை விழுங்காதிருந்தமை அக்குடும்பத்தின் சிறப்பாகும். டில்லியிலும் சாந்திநிகேதனிலும் பல்லாண்டுகள் கற்பித்த அவர், 2006இல் மறைந்தார்.

அவர் தூவார்ஸ் சென்ற மறு ஆண்டிலேயே, 1948இல், இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. சட்டமும் விளம்பரமும் ஒருசேர அவர்தம் பெயரை மறைத்தன. ஹற்றனிலும் நுவரெலியாவிலும் கொழுந்து பறித்த கைகளையும், லயத்து வாசலில் அமர்ந்த முதியோரையும் ஆளை ஆளாகக் காட்டும் படங்களே அம்மறைப்புக்குத் தக்க மறுமொழியாகும். அதற்கு விலையுயர்ந்த கருவிகள் வேண்டா. ஒரு பலகையும் ஓர் உளியும், அருகிருந்து காணும் பொறுமையும் போதும் என்பதற்குச் சோமநாத் ஹோரின் வாழ்வே சான்றாகும்.