அடைப்பதா, துடைப்பதா? எஞ்சின் மாற்றும்போது ஒரு இஜிஆர் தகடு

டீசல் காருக்கு எஞ்சின் மாற்றும் பட்டறைகளில் கேட்காமலே கிடைக்கும் யோசனை ஒன்று உண்டு. "இஜிஆரை அடைச்சிடலாம் சார். பிக்கப் கூடும், கரி பிடிக்காது." இஜிஆர் என்பது எரிந்த வாயுவில் ஒரு பங்கை மீண்டும் எஞ்சினுக்குள் அனுப்பும் அமைப்பு. அதை அடைக்கும் பொருள் உள்ளங்கையில் அடங்கும் ஒரு தகடு. இரண்டு போல்ட் துளைகள், சில நூறு ரூபாய் விலை, அவ்வளவுதான். நண்பர் ஒருவரின் பிஎஸ்-4 (பாரத் ஸ்டேஜ் மாசு விதி) ஸ்விஃப்ட் டீசலுக்கு மாற்று எஞ்சின் ஏற்றியபோது, இந்தத் தகட்டைப் போட்டும் எடுத்தும் ஓட்டிப் பார்த்தோம்.

அந்தக் காரில் இருப்பது ஃபியட் வடிவமைத்த 1.3 லிட்டர் மல்டிஜெட். 1,248 சிசி, 75 குதிரைத்திறன், 190 நியூட்டன் மீட்டர் டார்க். இதே குடும்ப எஞ்சின் டிசையர், ரிட்ஸ், இண்டிகா விஸ்டா, மான்சா, புன்டோ, லீனியா என்று பல கார்களில் ஓடியது. 90 குதிரைத்திறன் வகையும் உண்டு. சென்னை புதுப்பேட்டை போன்ற இடங்களில் பழைய எஞ்சின் வாங்கும்போது சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. வரும் எஞ்சினில் பல நேரம் இஜிஆர் வால்வு இருக்காது. இருந்தாலும் அதன் மின் இணைப்பு நம் காரின் வயரிங்கோடு பொருந்தாமல் போகலாம். சரியான வால்வைத் தேடி அலைவதைவிட ஒரு தகட்டை வைத்து மூடுவது மெக்கானிக்குக்குச் சுலபம். பிக்கப், மைலேஜ் பற்றிய பேச்சு அதற்குப் பிறகு சேர்வது.

இஜிஆர் செய்யும் வேலையைத் தெரிந்துகொண்டால்தான் தகட்டை எடைபோட முடியும். சிலிண்டருக்குள் எரிப்பு வெப்பம் மிக உயரும்போது காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடுகளாக மாறுகின்றன. வெயிலில் ஓசோனை உருவாக்குவதும், மூச்சுக்குழாயை எரிச்சலூட்டுவதும் இவைதான். ஏற்கனவே எரிந்த வாயுவில் ஒரு பங்கை உள்ளிழுக்கும் காற்றோடு கலந்தால் ஆக்சிஜன் குறைகிறது, எரிப்பு வெப்பமும் தணிகிறது. டீசல் காருக்கு பிஎஸ்-3 விதி ஒரு கிலோமீட்டருக்கு 0.50 கிராம் நைட்ரஜன் ஆக்சைடை அனுமதித்தது. பிஎஸ்-4 அதை 0.25 ஆக்கியது, பிஎஸ்-6 0.08 ஆக்கியது. இந்த இறக்கத்தில் இஜிஆருக்குப் பெரிய பங்கு உண்டு. இதற்குக் கொடுக்கும் விலை கரி. எரிந்த வாயுவின் புகைக்கரியும், எஞ்சின் உள்ளிருந்து வரும் எண்ணெய் ஆவியும் காற்றுப் பாதையில் சந்தித்துத் தார் போலக் கெட்டியாகப் படிகின்றன.

எஞ்சின் ஸ்டாண்டில் இருக்கும்போது தகட்டைப் பொருத்துவது சில நிமிட வேலை. இரண்டு போல்ட்டைத் தளர்த்தி, பழைய கேஸ்கெட்டைச் சுரண்டி, தகட்டை வைத்து முறுக்கினால் முடிந்தது. நாங்கள் போட்டது எவர்சில்வர் தகடு. சில இடங்களில் அலுமினியத் துண்டையே வெட்டிச் செருகுகிறார்கள், அது ஆபத்து. அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகும். முழு சுமையில் டீசல் வெளியேற்று வாயு அந்த எல்லையை நெருங்கக்கூடும். உருகிக் கிழிந்த துண்டு காற்றுப் பாதைக்குள் போனால் புதிதாக ஏற்றிய எஞ்சினே பாழ்.

தகட்டோடு ஓட்டியபோது முதலில் காதில் பட்டது சத்தம். ஐடிலில் டீசலின் 'டக டக' சற்றுக் கடினமாகக் கேட்டது. எரிப்பு வேகமும் வெப்பமும் கூடியதன் விளைவு இது. பாதி ஆக்சிலரேட்டரில் கார் கொஞ்சம் சுறுசுறுப்பாக எழுந்தது உண்மை. ஆனால் பெடலை முழுதாக அழுத்தியபோது எந்த மாற்றமும் இல்லை. இருக்கவும் முடியாது: முழு சுமையில் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியு இஜிஆர் வால்வைத் தானாகவே மூடிவிடும். மூடியிருக்கும் பாதையை இன்னொரு முறை மூடினால் சக்தி எங்கிருந்து வரும்? மைலேஜிலும் சொல்லும்படி வித்தியாசம் இல்லை.

பிறகு செக் எஞ்சின் விளக்கு எரிந்தது. ஸ்கேனர் காட்டிய குறியீடு பி0401, அதாவது இஜிஆர் ஓட்டம் போதவில்லை. வால்வு திறந்ததும் வெளிக்காற்று குறையும் என்று ஈசியு எதிர்பார்க்கிறது. காற்றளவு சென்சார் அப்படிக் காட்டாததால் அது புகார் சொல்கிறது. இதை ஏமாற்ற நடுவில் சிறு துளை போட்ட தகடுகளும் விற்கின்றன. எரிந்துகொண்டே இருக்கும் விளக்கு, நாளை வேறு சென்சார் பழுதானாலும் நமக்குத் தெரியாமல் மறைத்துவிடும்.

இந்தத் தகடு புகைச் சோதனையில் மாட்டாது என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. டீசல் கார்களுக்கான நம் சான்றிதழ் சோதனை புகையின் கருமையை மட்டுமே அளக்கிறது, நைட்ரஜன் ஆக்சைடை அளப்பதில்லை. இஜிஆரை அடைத்தால் கரும்புகை குறையவும் கூடும். கண்ணுக்குத் தெரியாத நஞ்சு கூடியிருக்க, கையில் 'தேர்ச்சி' தாள் இருக்கும். 2015-ல் அம்பலமான ஃபோக்ஸ்வேகன் மோசடியும் இதே வகைதான். சோதனைக்கூடத்தில் முழுதாக வேலை செய்த மாசுக் கட்டுப்பாட்டை சாலையில் மென்பொருள் தளர்த்தியது. அந்த மென்பொருள் செய்ததை இந்தத் தகடு செய்கிறது.

சட்டமும் தெளிவாகவே இருக்கிறது. தேய்ந்த எஞ்சினுக்குப் பதில் அதே நிறுவனத்தின் அதே வகை எஞ்சினை, பதிவு அதிகாரியின் ஒப்புதலோடு ஏற்றி, ஆர்.சி.யில் எண்ணை மாற்றிக்கொள்ளலாம். அனுமதிக்கப்படாத மாற்றம் செய்தால், 2019 திருத்தத்துக்குப் பின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவின்படி, உரிமையாளருக்கு மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம்.

அடுத்து தகட்டை எடுத்தோம். பழைய எஞ்சினின் வால்வைக் கழற்றி, மின்மோட்டார் பகுதி நனையாமல், கார்பன் கிளீனரும் மென்மையான பிரஷும் கொண்டு முனையில் படிந்த கரியைக் கரைத்தோம். முனை தடையில்லாமல் மூடித் திறப்பதைக் கையால் உறுதிசெய்தோம். காற்றுப் பாதையையும் சுரண்டித் துடைத்துப் புதிய கேஸ்கெட்டோடு பூட்டினோம். எஞ்சின் வெளியே இருக்கும்போது இது கைக்கு எளிதாக எட்டும் வேலை. காருக்குள் இருக்கும்போது முதுகை ஒடிக்கும். ஓட்டிப் பார்த்தபோது பாதி ஆக்சிலரேட்டர் சுறுசுறுப்பில் பெரும்பகுதி அப்படியே இருந்தது, சத்தம் தணிந்தது, விளக்கும் எரியவில்லை.

பலர் தகட்டுக்குத் தரும் பாராட்டு எங்கிருந்து வருகிறது என்பது அப்போது புரிந்தது. கரி பிடித்துத் திறந்த நிலையிலேயே சிக்கிக்கொண்ட வால்வு, முழு சுமையிலும் எரிந்த வாயுவை உள்ளே விட்டு எஞ்சினைத் திணறடிக்கும். அதை எதைக்கொண்டு மூடினாலும் கார் பறப்பது போலத்தான் தெரியும். ஆகவே தகடு போட்டதும் முழு பெடலில் வேகம் கூடினால், அது வால்வு பழுது என்பதற்கான அடையாளம். கோளாறைக் கண்டறியும் கருவியாக ஒரு மெக்கானிக்கின் பெட்டியில் இந்தத் தகட்டுக்கு இடம் உண்டு; சாலையில் ஓடும் காரில் இல்லை.

எஞ்சின் மாற்றப் போகிறவர்களுக்கு என் பரிந்துரை: பழைய எஞ்சினை எடைக்குப் போடும் முன் அதன் இஜிஆர் வால்வைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். தகட்டுக்குக் கொடுக்கும் காசைப் புதிய கேஸ்கெட்டுக்கும் ஒரு டப்பா கிளீனருக்கும் கொடுங்கள். பிஎஸ்-6 வண்டி என்றால் இந்தப் பேச்சையே எடுக்காதீர்கள். அதன் புகைப்போக்கியில் உள்ள வடிகட்டியும் வினையூக்கியும் இஜிஆரை நம்பியே கணக்கிடப்பட்டவை. பின்னால் பைக்கில் வருபவரும் நம் வண்டி விடும் காற்றைத்தான் சுவாசிக்கிறார்.