பீறிடலும் கசிதலும்

நீரின் ஓட்டத்துக்கு ஆங்கிலம் வைத்திருக்கும் வினைச்சொற்கள் மீது எனக்குத் தீராத ஆசை. 'டிரிக்கிள்' மெலிந்து வழியும். 'சீப்' சுவரின் ஈரம்போல் ஓசையின்றி ஊடுருவும். 'ஊஸ்' கொழகொழப்பானது, அவசரமே அறியாதது. புண்ணிலிருந்து சீழ் அப்படித்தான் வடியும். சிலரிடம் தன்னம்பிக்கையும் அப்படியே வடிகிறது என்பார்கள்.

'கஷ்' இதற்கு நேரெதிர். 1901 ஜனவரியில் டெக்சாஸின் ஸ்பிண்டில்டாப்பில் எண்ணெய் வானை நோக்கிப் பீறிட்டது. அத்தகைய கிணற்றுக்கு 'கஷர்' என்றே பெயர். ஒருவரை மூச்சுவிடாமல் புகழ்ந்து தள்ளுவதற்கும் இதே சொல்தான்.

எல்லாவற்றிலும் எனக்கு நெருக்கமானது 'வெல்'. கிணற்றைச் சுட்டும் பெயரும், கண்ணில் நீர் திரள்வதைச் சொல்லும் வினையும் பழைய ஆங்கிலத்தின் ஒரே வேரில் கிளைத்தவை. துளி இன்னும் விழவில்லை, இமை மட்டும் நிறைந்துவிட்டது. அந்தக் கணத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்குமா!

இந்தச் சொற்களின் ஓசையை முழுதாக உணர்ந்தவர் கவிஞர் ராபர்ட் சௌதி. கெஸ்விக்கில் வாழ்ந்த அவர், பக்கத்திலிருந்த லொடோர் அருவியைத் தம் பிள்ளைகளுக்காக 1820இல் பாடினார். வினைமேல் வினை அடுக்கிக்கொண்டே போக, குறுகித் தொடங்கும் வரிகள் வர வர நீண்டு பெருகும். வாய்விட்டுத்தான் வாசிக்க வேண்டும்.