வழியை மறித்தால் வீக்கம் வடியுமா?

முடக்குவாதம் எனப்படும் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸில் வீங்கிய முழங்காலிலிருந்து ஊசியால் எடுக்கும் நீர் மஞ்சளாய்க் கலங்கியிருக்கும். இயல்பான மூட்டுநீரில் ஒரு கன மில்லிமீட்டருக்கு 200-க்கும் குறைவான வெள்ளை அணுக்களே உண்டு. இங்கே அவை பல ஆயிரம். பெரும்பாலும் நியூட்ரோஃபில்கள், எல்லாம் இரத்தத்திலிருந்து வந்தவை. கீமோகைன் என்ற வேதிப் பொருள்கள் அழைக்க, இரத்தக் குழாய்ச் சுவரில் உருண்டு, ஒட்டி, இடுக்கில் நுழைந்து மூட்டை அடைகின்றன. அந்த வரவைத் தடுத்தால் நோய் தணியும் என்ற வாதத்துக்குச் சான்று எவ்வளவு?

ஆதரவான சான்று வலுவானது. லண்டனில் பீட்டர் டெய்லர் குழுவினர் நோயாளிகளின் அணுக்களில் கதிரியக்கக் குறியிட்டு, மீண்டும் உடலில் செலுத்திப் படம் பிடித்தனர். இன்ஃப்ளிக்ஸிமாப் கொடுத்த இரண்டே வாரத்தில் மூட்டுக்குள் வரவு குறைந்தது. ஆய்வு 2000-இல் வெளியானது. ஆனால் அந்த மருந்து டிஎன்எஃப் என்ற அழற்சிப் புரதத்தை அடக்குகிறது. டிஎன்எஃப் செய்யும் வேலைகளோ பல. அந்த மருந்தால் வலி குறைவதற்கு வரவு குறைந்ததே காரணம் என்று இதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

நேரடிச் சோதனைகள் ஏமாற்றின. மோனோசைட்டு என்ற வெள்ளை அணுக்களில் கீமோகைன் அழைப்பை ஏற்கும் சிசிஆர்2 ஏற்பியை ஆன்டிபாடியால் பெருமளவு மூடியும் நோயாளிகளுக்குப் பலன் கிடைக்கவில்லை என்று 2008-இல் அறிவிக்கப்பட்டது. அதே வகையைச் சேர்ந்த சிசிஆர்5 ஏற்பியைத் தடுக்கும் எச்ஐவி மருந்தான மராவிராக்கும் முடக்குவாதத்தில் தோற்றது. ஒரு வாசலை மூடினால் அணுக்கள் மற்றொன்றில் நுழைகின்றன என்பது ஆதரவாளர்களின் விளக்கம். இது நம்பத்தக்கதே. ஆனால் எந்தத் தோல்விக்கும் பொருந்திவிடும் விளக்கத்தைத் தனியே சோதிக்காமல் சான்றாக ஏற்கலாகாது.

வரவைத் தடுக்கும் மருந்து வெற்றி பெற்ற இடம் குடல். 2014-இல் அனுமதி பெற்ற வெடோலிஸுமாப் குடல் அழற்சியைக் கட்டுப்படுத்துகிறது. குடலின் இரத்தக் குழாய்களுக்கென்றே ஓர் ஒட்டுப் புரதம் இருப்பதுதான் காரணம். மூட்டுக்கு மட்டுமே உரிய அத்தகைய அடையாளம் இதுவரை கைவரவில்லை. உடல் முழுக்கத் தடுத்தால் ஆபத்து: சொரியாசிஸுக்குத் தந்த எஃபலிஸுமாப், அரிய மூளைத் தொற்றால் 2009-இல் விலக்கப்பட்டது.

ஆகவே என் தீர்ப்பு இது: அணுக்களின் வரவு நோயை வளர்க்கிறது என்பதை ஏற்கலாம், ஒற்றை ஏற்பியை மூடுவதே சிகிச்சை என்பதை ஏற்க இயலாது. டிஎன்எஃப் தடுப்பு மருந்துகளின் இடத்தைப் பிடிக்கும் தகுதி அதற்கு இன்று இல்லை. இனி வரும் சோதனைகள் இரத்தத்தில் எத்தனை ஏற்பிகள் மூடின என்பதோடு நிற்காமல், மூட்டுக்குள் எத்தனை அணுக்கள் நுழைந்தன என்பதையும் அளக்க வேண்டும். அந்த அளவீடு இல்லாத சோதனை தோற்றாலும் வென்றாலும், காலையில் விரல்களை மடக்க முடியாமல் தவிப்பவருக்கு அதனால் ஒரு தெளிவும் பிறக்காது.