துக்கியும் அகிலும்: எபிரேய – தமிழ்க் கடன்சொல் ஆய்வில் பொருளறிவியலின் இடம்

முன்னுரை
எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகம் 1925 ஏப்ரல் 1 அன்று திறக்கப்பட்டபோது யூதவியல், வேதியியல், நுண்ணுயிரியல் ஆகிய மூன்று துறைகளுக்கான ஆய்வு நிறுவனங்கள் அதில் இருந்தன. மரபுக்கல்வியும் அறிவியலும் ஒருசேரத் தொடங்கிய அப்பல்கலைக்கழகத்தின் எபிரேய மொழிப் பேராசிரியர் ஹைம் ராபின், தமிழாய்வாளர்க்கு நன்கு அறிமுகமானவர். 1968இல் சென்னையில் நடைபெற்ற இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டுக் கருத்தரங்கத் தொகுதியில் 1971இல் வெளியான அவரது கட்டுரை, விவிலிய எபிரேயக் கடன்சொற்களைச் சான்றாக்கி, கி.மு. முதல் ஆயிரமாண்டில் தமிழகத்துக்கும் பாலத்தீனத்துக்கும் வணிகம் நிகழ்ந்தது என வாதிட்டது. அக்கருதுகோள் தமிழ்நூல்களில் பெரும்பாலும் முடிந்த முடிபாகவே எடுத்தாளப்படுகிறது. அதன் வலிமையும் வரம்பும் இங்கு மதிப்பிடப்படுகின்றன.

துக்கி
அரசர் முதல் நூல் (10:22) சாலமோனின் கப்பல்கள் கொணர்ந்தவற்றுள் 'துக்கியீம்' என்பதைக் குறிப்பிடுகிறது. 'ஈம்' பன்மை விகுதி. 'துக்கி' என்பதைத் 'தோகை' என்பதோடு இணைக்கும் கருத்து கால்டுவெல்லிடமே உண்டு. தோகை மயிலின் இறகையும், ஆகுபெயராய் மயிலையும் குறிப்பதால் இவ்விணைப்பு பொருந்துகிறது. எனினும் இலத்தீன் வல்கேட்டு மயில் எனப் பெயர்க்க, கிரேக்கச் செப்துவசிந்தா அவ்விடத்தில் மயிலைச் சுட்டவில்லை. எகிப்திய மொழிவழிக் குரங்கினம் எனக் கொண்டோரும் உளர். இன்றைய எபிரேயத்தில் அச்சொல் கிளியைக் குறிக்கிறது. ஆகவே ஒலியொப்புமை மட்டும் போதிய சான்றாகாது.

அகில்
'அகலிம்', 'அகலோத்' என்னும் வடிவங்களின் சிக்கல் இன்னும் நுட்பமானது. இச்சொல் சங்கீதத்திலும் இனிமைமிகு பாடலிலும் நறுமணப் பொருளாகவும், எண்ணிக்கை நூலில் (24:6) நடப்பட்ட மரமாகவும் வருகிறது. அகர்மரம் எனப்படும் அக்குவிலேரியா வடகிழக்கு இந்தியாவுக்கும் தென்கிழக்காசியாவுக்கும் உரியது. மேற்குத் தொடர்ச்சி மலையின் பசுமைமாறாக் காடுகளில் வளரும் வெள்ளகிலோ டிசோக்சைலம் மலபாரிக்கம் என்னும் வேறு குடும்பத்து மரம். கப்பலேறியது முன்னதாயின் தமிழகம் இடைவழிச் சந்தை, பின்னதாயின் விளைநிலம். சொல் சென்ற வழியும் பொருள் சென்ற வழியும் ஒன்றாதல் வேண்டும் என்பதில்லை. ராபினைத் தமிழில் மேற்கோள் காட்டுவோர் இவ்வேறுபாட்டைப் பெரிதும் கருதுவதில்லை.

களம்
எபிரேயப் பகுதியைச் சோதிக்க அப்பல்கலைக்கழகத்திலேயே துணை இருந்தது. அதன் தாவரவியல் பேராசிரியர் மைக்கேல் சொஹாரி விவிலியத் தாவரங்கள் குறித்த நூலை 1982இல் வெளியிட்டார். தமிழ்ப் பகுதிக்கான சோதனை தமிழ்நிலத்தில்தான் நிகழ இயலும். போடிநாயக்கனூர்ப் பகுதியில் மலையடிவாரத்தில் அமைந்த ராசிங்காபுரம் போன்ற ஊர்கள் அதற்கேற்ற களங்கள். ஏலமலைக் காட்டோடும் தோட்டத்தோடும் தொழில்வழித் தொடர்புடைய மக்கள் எம்மரத்தை அகில் என்கின்றனர், அதன் வகைகளை எப்பெயரால் பிரிக்கின்றனர், தோகை என்பது பேச்சில் இறகா பறவையா என்பன தொகுக்கப்பட வேண்டும். மரப்பெயர் ஒவ்வொன்றும் தாவர மாதிரியோடு சேர்த்துப் பதிவாதல் இன்றியமையாதது. 1966இல் நிறுவப்பட்ட மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் மொழியியலும் உயிரியலும் ஒரே வளாகத்தில் உள்ளன. அவை இணைந்து செய்யத்தக்க பணி இது.

முடிவுரை
ராபினின் கருதுகோள் மறுக்கப்படவில்லை. முற்ற நிறுவப்படவும் இல்லை. வேற்றுநாட்டு அறிஞர் ஏற்றார் என்பது சான்றாகாது. இன்றைய வழக்குத் தரவு பண்டைக் கடன்பேற்றைத் தானே மெய்ப்பிக்காது என்பது உண்மையே. ஆயினும் அகில் என்ற சொல் எப்பொருளைக் குறித்திருக்கக்கூடும் என்பதன் எல்லையை அது வரையறுக்கும். அவ்வெல்லை தெளிவான பின்னரே பண்டைய வணிகத்தில் தமிழகம் விற்றதா, கைமாற்றியதா என்னும் வினாவுக்கு விடை காண இயலும்.